சிறுநீரகத்தின் தம்பி

கண்ணாடிக்காரரின் அடிவயிற்றில் வைத்துத் தைக்கப்பட்ட சிறுநீரகம், பதினோராம் நாள் காலை ஆறே முக்காலுக்கு வேலைக்குப் புறப்பட்டது. அவர் அப்போது கட்டிலில் சாய்ந்துகொண்டு மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். வலது இடுப்புக்கு உள்ளேயிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் ஓர் இழுப்பு. எழுந்து நின்றார். நின்றவரால் நிற்க முடியவில்லை, நடந்தார். வலது பக்கம் முன்னே போக மற்ற உடம்பு பின்னே வர, நண்டு மாதிரி சாய்ந்து சாய்ந்து வாசற்படி இறங்கி, மருந்துக்கடையும் பேருந்து நிறுத்தமும் தாண்டி, மருத்துவமனையின் பின்வாசலில் இருக்கும் சலவைக்கூடத்துக்குள் போய், போர்வை மடிக்கும் மேஜையருகே நின்றார். அங்கே சின்னவன் என்று எல்லோரும் கூப்பிடும் ஆள் மடித்துக்கொண்டிருந்தான். இழுப்பு நின்றுவிட்டது. மூன்று மணிக்குச் சங்கு ஊதியதும் சிறுநீரகம் அவரை விட்டது, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தார். மறுநாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை சலவைக்கூடம் கிடையாது என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது. அன்று அவரைச் சின்னவன் தங்கியிருந்த அறைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டில் உட்கார வைத்தது.

எல்லோரும் இதற்கு விளக்கம் கேட்டு டாக்டரைத்தான் நச்சரித்தார்கள். கேட்டிருக்க வேண்டிய ஆள் பட்டியலக்கா. மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, மாற்று உறுப்புக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலைப் பத்தொன்பது வருடமாக எழுதி வந்தவள் அவள். கண்ணாடிக்காரர் அவள் புருஷன், நாலு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவருக்குச் சிறுநீரகம் கெட்டபோது அவர் பெயரை அவளே தன் கையால் கடைசி வரியில் எழுதினாள். நடுவில் எத்தனையோ பேர் ஜாடை மாடையாகச் சொல்லியும் ஒரே ஒரு வரி மேலே ஏற்றவில்லை. மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிழைத்தோ செத்தோ விலக, நாலு வருடத்தில் தானாகவே இரண்டாம் வரிக்கு வந்தார். அவள் மேல் விரல் நீட்டி ஒரு குற்றம் சொல்ல எவராலும் முடியாது. பிற்பாடு அவளுக்குச் சோறு இறங்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் வரியில் இருந்தது சின்னவன். சின்னவனும் அவன் அண்ணன் பெரியவனும் எல்லைக்கு அப்பாலிருந்து சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் படுத்து வந்தவர்கள். வந்த இடத்தில் எப்படியோ ஒரு வேலை அட்டை கிடைத்தது, இரண்டாவது கிடைக்கவில்லை. ஒரே ஜாடை, ஒரே உயரம், ஒரே மாதிரி முன்பல் விலகல். அதனால் ஒரே அட்டையில் காலை ஷிப்டில் பெரியவனும் மாலை ஷிப்டில் சின்னவனுமாக மருத்துவமனைத் துணி துவைத்தார்கள். மேஸ்திரிக்குத் தெரியும், போர்வை மடிந்தால் சரி என்று இருந்துவிட்டார். மேலிடத்துக்குத் தெரியாது. அவர்கள் ஒரு வருடம் 'ஓய்வே எடுக்காத தொழிலாளி' என்று சான்றிதழும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். சான்றிதழைக் காலையில் பெரியவன் வாங்கினான், மாலையில் போட்டோவுக்குச் சின்னவன் நின்றான். மூன்று வாரம் சலவைக்கூடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அதற்கடுத்த வருடம் சின்னவனின் கால் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்பது இந்த நாட்டுக்காரர்களுக்கு. தற்காலிக அட்டைக்காரர்களுக்கு உயிர் போகிற கட்டத்தில் மட்டும் என்று சட்டம். அதனால் அவன் மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து வருவான், ரத்தத்தில் உப்பைப் பார்ப்பார்கள், போதாது, இன்னும் கொஞ்சம் மோசமாகி வா என்று திருப்பி அனுப்புவார்கள். அவசரப் பிரிவு வாசலில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து மோசமாகிவிட்டு மறுபடி உள்ளே போவான். பெரியவன் கூடவே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பான். மாற்று உறுப்புப் பட்டியலில் மட்டும் அட்டைக்காரர்களையும் சேர்க்கலாம் என்று ஒரு ஓட்டை இருந்தது. பட்டியலக்காதான் அதைக் கண்டுபிடித்துச் சொல்லி எழுதிக்கொண்டாள். அந்த வரையில் அவள் நல்லவள்தான்.

பெரியவன் அந்த ஜன்னலுக்கு வந்து, தன் சிறுநீரகத்தில் ஒன்றை எடுத்துத் தம்பிக்கு வைக்கச் சொன்னான். சோதித்துப் பார்த்ததில் அச்சுப் பிசகாமல் பொருந்தியது. ஆனால் கொடுப்பவர் பெயர் என்ற கட்டத்திலும் பெறுபவர் பெயர் என்ற கட்டத்திலும் ஒரே பெயர், ஒரே எண், ஒரே படம். உறுப்பு மாற்றுக் குழுவினர் படித்துவிட்டு, ஒருவர் தனக்குத் தானே உறுப்பு தானம் செய்ய விதியில் இடமில்லை என்று எழுதித் திருப்பினார்கள். பெரிய டாக்டருக்கு விஷயம் புரிந்தது. "இவங்க ரெண்டு பேருன்னு சிறப்புக் குறிப்பு எழுதிக் குடுங்கம்மா, நான் கையெழுத்துப் போட்டு மேல பேசறேன்" என்றார். பட்டியலக்கா படிவத்தை வாங்கி மேஜை டிராயரில் வைத்தாள். இரண்டு ஆட்கள் என்று எழுதினால், ஒரு அட்டைக்கு இரண்டு பேர் என்று தெரிந்தே பட்டியலில் ஏற்றியது யார் என்ற கேள்வி வரும். வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள், புருஷனின் வைத்தியம் அந்த வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு எழுதலாம் என்று வைத்தாள். பெரியவன் தினமும் ஷிப்ட் முடிந்து, சோப்பு வாசனையோடு மாடியேறி வந்து நிற்பான்.

"எழுதிட்டீங்களாக்கா?"

"நாளைக்கு எழுதிடறேன், தம்பி. வேலை தலைக்கு மேல கெடக்கு."

"சரிக்கா. ஒண்ணும் அவசரமில்ல" என்பான். அவசரம் இருந்தது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பதினோரு வாரம் இப்படிப் போனது.

பன்னிரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை, ஈரத்துணி ஏற்றிய தள்ளுவண்டி சரிவில் கட்டை நழுவி வந்து பெரியவனைச் சுவரோடு வைத்து மோதியது. தலையில் அடி. இரண்டு நாளில் மூளைச்சாவு என்று சொன்னார்கள். மோதலில் ஒரு சிறுநீரகம் நசுங்கிவிட்டது, மற்றது பழுதில்லாமல் இருந்தது. காகிதப்படி அவனுக்குத் தம்பி கிடையாது, 'உடன் தங்கியிருப்பவர்' என்ற கட்டத்தில் சின்னவன் சம்மதம் கொடுக்கலாம். பட்டியலக்காதான் படிவத்தை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். அவன் அந்த மரத்தடி பெஞ்சில் முகமெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணன் கிட்னி எனக்குத்தானேக்கா வரும்?" என்று கேட்டான்.

"நான் பாத்துக்கறேன், நீ போடு" என்றாள்.

அவன் போட்டான். அவள் மாடிக்குப் போய்ப் பட்டியலைத் திறந்தாள். அட்டைக்காரர் இறந்துவிட்டார் என்று தகவல் வந்திருந்தது. இறந்தவர் பெயர் முதல் வரியில் இருந்தது. இறந்தவர்களின் வரியைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டும் என்பது விதி. டிராயரில் எழுதாத படிவம் இருந்தது, அப்போது எழுதியிருந்தாலும் நேரம் இருந்தது. அவள் ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு போட்டாள். இரண்டாம் வரி முதல் வரியானது. அன்று மாலையே கண்ணாடிக்காரரைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் வெளியே உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இப்போது சிறுநீரகத்துக்கு வருவோம். அது சின்னவனுக்கு ஒன்பது அடிக்குள் இருந்தால் வேலை செய்யும், தாண்டினால் செய்யாது. இதை நாடாவைப் பிடித்து அளந்து சொன்னவர் பெரிய டாக்டர். கண்ணாடிக்காரர் சாய்ந்து சாய்ந்து நடப்பதைக் கேள்விப்பட்டு அவரை வார்டில் கட்டிலோடு பெல்ட் போட்டுப் படுக்க வைத்தார். இரண்டு நாள் ஒரு சொட்டுச் சிறுநீர் இறங்கவில்லை, முகம் பூசணிக்காயாக வீங்கியது. மூன்றாம் நாள் சின்னவன் போர்வைக் கட்டோடு வார்டுக்குள் நுழைந்தான், குழாயில் மாட்டியிருந்த பை நிரம்பியது. அவன் வெளியே போனான், நின்றது. உள்ளே கூப்பிட்டார்கள், நிரம்பியது. அளந்து பார்த்ததில் ஒரு ஆளுக்கு வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு. சோதனைச்சாலையில் அதில் சலவை சோப்பு கண்டார்கள், கண்ணாடிக்காரர் ஆயுளில் ஒரு கைக்குட்டை துவைத்தவரில்லை. அதே வாரம் சின்னவனின் கால் வீக்கம் வற்றி, செருப்பு மறுபடி காலுக்குச் சரியாக வந்தது. அண்ணனோடு அட்டையும் செத்துவிட்டதால் அவசரப் பிரிவில் அவனை அப்போது சேர்ப்பதே இல்லை, செத்தவனுக்கு என்ன அவசரம் என்று கேட்டிருந்தார்கள். மேஸ்திரி பழைய பழக்கத்துக்காகக் காலையில் பின்வாசல் வழியாக விட்டுக்கொண்டிருந்தார். ஆக, ஒரு சிறுநீரகம் இரண்டு பேருக்கு உழைத்தது. அதைப் பெற்றெடுத்தவர்கள் அப்படித்தான் வளர்த்திருக்க வேண்டும்.

பட்டியலக்கா சின்னவனைத் தன் வீட்டு முன்னறைக்குக் கூட்டி வந்தாள். புருஷன் நாற்காலியை வாசலோரம் போட்டு, அவன் கட்டிலிலிருந்து ஒன்பது அடியைச் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் கோடு கிழித்து வைத்தாள். காலையில் கண்ணாடிக்காரர் சலவைக்கூடத்துக்குப் போய் ஒரு மூலையில் மேஜை போட்டு அங்கேயே கண்ணாடிக்கு வில்லை மாட்டிக் கொடுத்தார். வாடிக்கையாளர்கள் நீராவியில் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுத்துப் படித்தார்கள். அவள் சின்னவனுக்கு விழுந்து விழுந்து செய்தாள். தலையணை உறை தினம் மாற்றினாள், உப்பில்லாமல் தனியாகச் சமைத்தாள், அவன் இருமினால் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். பார்த்தவர்கள் இந்தக் காலத்தில் இப்படியொரு மனசா என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். ஒருநாள் மத்தியானம், புருஷன் கண் அசந்திருக்கும்போது, அவன் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, பாத்துக்கறேன்னு சொல்லித்தான் உங்கிட்ட கையெழுத்து வாங்கினேன். பாக்கல."

அவன் போர்வையை மடித்துக்கொண்டே, "தெரியும்க்கா. கீழ நோட்டீஸ் பலகையில பட்டியல ஒட்டியிருந்தீங்களே. கோடு நேரா இருந்துச்சு" என்றான்.

"ஏன் கேக்கல நீ?"

"யாரைக் கேக்கறது? நான்தான் செத்துட்டேனே" என்று சொல்லிவிட்டு, மடித்ததை அடுக்கில் வைத்தான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றாம் மாதம் குடியேற்ற அலுவலகத்திலிருந்து மூடிய வண்டியோடு இரண்டு பேர் வந்தார்கள். அட்டையில்லாத ஆள் ஒருவன் இங்கே இருப்பதாகத் தகவல், எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட வேண்டும் என்றார்கள். சின்னவனை ஏற்றினார்கள். வண்டி பத்தடி நகர்ந்ததும் கண்ணாடிக்காரர் நாற்காலியோடு தெருவில் இழுபட்டார். நிறுத்தினார்கள். அவரை நாலு பேர் பிடித்துக்கொள்ள, மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி பின்னோக்கி வந்தது. அதிகாரிகள் இறங்கி, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, எழுத்தில் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றார்கள். பட்டியலக்கா மருத்துவமனைக்கு ஓடி, டிராயரைத் திறந்து, அந்தப் படிவத்தை எடுத்து வந்து, தயங்காமல் வாசலில் மேஜை போட்டு எழுதினாள். இவர்கள் இரண்டு பேர், ஒரே அட்டை, எனக்குத் தெரியும், தெரிந்தே எழுதாமல் வைத்திருந்தேன் என்று ஒன்றையும் விடவில்லை. பெரிய டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டார். வண்டிக்குள்ளிருந்து சின்னவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் பேனாவை மூடியதும் கேட்டான்.

"இவ்வளவுதானாக்கா? கால் மணி நேரம்தான் ஆச்சு."

பதினோரு வாரம் மாடியேறி வந்து நின்றவன் அவள் கண்ணில் வந்து நின்றான். இந்தத் தடவையும் தன் புருஷன் தெருவில் இழுபட்டதால்தான் பேனா எடுத்தோம் என்பதும் அவளுக்கு உறைத்தது. அன்று அவள் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சாப்பிடவில்லை.

மேலிடத்தில் ஏழு மாதம் யோசித்தார்கள். சிறுநீரகம் முறைப்படி மாற்றி வைக்கப்பட்டது, ஆகவே அது இந்த நாட்டில் சட்டப்படி வசிக்கிறது, சட்டப்படி வசிப்பவரின் உடன்பிறந்தவர் அவரைச் சார்ந்து வாழ அனுமதி உண்டு என்று முடிவாகிப் புது அட்டை வந்தது. அதில் சின்னவனின் சொந்தப் பெயர் முதன்முதலாக அச்சாகியிருந்தது. உறவு என்ற இடத்தில் 'சிறுநீரகத்தின் தம்பி' என்று போட்டு முத்திரை குத்தியிருந்தார்கள். பட்டியலக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதமும் இரண்டு வருட ஊதிய உயர்வு ரத்தும் வந்தன. வேலை போகவில்லை. இதற்கா அத்தனை பயந்தோம் என்று கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கழிப்பறையில் போய் அழுதாள். அன்றைக்கே, அட்டை இருப்பதால், சின்னவன் பெயரைப் பட்டியலின் கடைசி வரியில் எழுதினாள். ஒரு உறுப்பு இரண்டு பேருக்கு உழைத்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும், அவனுக்கென்று ஒன்று வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆறு வருடம் போனது. ஒரு புதன்கிழமை காலை பதினொன்று பத்துக்கு மேலிடத்திலிருந்து தகவல் வந்தது, சிறுநீரகம் ஒன்று இருக்கிறது, முதல் வரியைக் கூப்பிடு என்று. முதல் வரி சின்னவன். ஒரு மணி நேரத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த வரிக்குப் போய்விடலாம் என்பது விதி. பட்டியலக்கா போனைக் கையில் எடுத்தாள், எண்ணை அழுத்தவில்லை. சொந்தச் சிறுநீரகம் வந்துவிட்டால் அவனுக்கு ஒன்பது அடி தேவையில்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஊருக்கே போகலாம், தாயார் அங்கே உயிரோடுதான் இருந்தாள். போனால் கண்ணாடிக்காரர் மூன்று நாளில் முடிந்துவிடுவார். கூப்பிட்டேன், எடுக்கவில்லை என்று எழுதினால் எவரும் கேட்கப்போவதில்லை, சலவைக்கூடத்து இரைச்சலில் அவன் போனை எடுக்காமல் விடுவது வழக்கம்தான். பதினேழு நிமிடம் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜைக்காரி என்னக்கா முகம் வெளுத்துப்போச்சு என்று கேட்டாள். அந்தப் பக்கத்து மேஜைக்காரி சொல்லித்தான் இந்தப் பதினேழு நிமிடம் வெளியே தெரியும், பட்டியலக்கா இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு எண்ணை அழுத்தினாள். முதல் முறை அவன் எடுக்கவில்லை. இரண்டாம் முறை எடுக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டுச் செருப்பில்லாமல் இரண்டு மாடி இறங்கி, முற்றத்தைத் தாண்டி, நீராவிக்குள் போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"உன் முறை வந்திருக்கு. கெளம்பு."

"சார் என்ன ஆவாரு?" என்று அவன் மூலையிலிருந்த கண்ணாடிக்காரரைப் பார்த்தான்.

"அது என் பாடு. நீ கெளம்பு, தம்பி."

கண்ணாடிக்காரர் வில்லையைக் கீழே வைத்துவிட்டு, "போய்யா, நானும் வெளிய வந்து உக்காந்துக்கறேன்" என்றார். அறுவைச் சிகிச்சை நடந்த நாலரை மணி நேரமும் அவர் வலது இடுப்பைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சுவர் அந்த இடத்தில் வெதுவெதுப்பாக இருந்ததாகத் துப்புரவுக்காரி சொன்னாள்.

சின்னவன் தேறினான். இரண்டு மாதம் கழித்து மூன்று தெரு தள்ளி ஓர் அறை பார்த்துக்கொண்டு, தகரப்பெட்டியோடு போனான். போகும்போது சாரிடம் சொல்லிக்கொண்டான், அவளிடம் வரேன்க்கா என்று மட்டும் சொன்னான். இருந்துவிட்டுப் போ என்று கேட்க அவளுக்கு முகமில்லை, புருஷனை இனி அவன் பின்னால் சலவைக்கூடத்துக்கு அனுப்பவும் இல்லை. அதிசயமாகச் சிறுநீரகமும் இந்தத் தடவை இழுக்கவில்லை, தம்பி தன் காலில் நிற்கட்டும் என்று விட்டுவிட்டதுபோல் பேசாமல் கிடந்தது, வேலையும் செய்யவில்லை. முதல் நாள் கண்ணாடிக்காரருக்குக் கால் வீங்கியது, இரண்டாம் நாள் முகம். மூன்றாம் நாள் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "போய் ஒரு வார்த்தை கேளேன்" என்றார். அவள் அந்த அறை வரைக்கும் போனாள். கதவுக்கு வெளியே நின்றாள். தட்டக் கையைத் தூக்கினாள், முடியவில்லை. எதைச் சொல்லிக் கேட்பது, பாத்துக்கறேன் என்றா. திரும்பி வந்து, புருஷனிடம் அவன் இல்லை என்று பொய் சொன்னாள்.

நாலாம் நாள் சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் சின்னவன் தானாக வந்தான். அவள் கதவைத் திறந்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்காக வரலக்கா" என்றான். "அண்ணனைப் பாக்காம நாலு நாள் இருந்ததில்ல. தள்ளுங்க."

அவள் தள்ளினாள். அவன் உள்ளே போய்க் கண்ணாடிக்காரரின் வலது பக்கம் மனைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து, அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, இடுப்புப் பக்கம் குனிந்து, "என்ன அண்ணே, கோச்சுக்கிட்டியா? வேலை பாரு, சார் பாவம்" என்றான். சற்று நேரத்தில் கண்ணாடிக்காரர் எழுந்து கழிப்பறைக்குப் போனார்.

அதன் பிறகு பதினான்கு வருடமாகத் தினமும் வருகிறான். கல்யாணம் ஆகி இரண்டு பெண் குழந்தைகள், அவர்களும் சில நாள் கூட வந்து பெரியப்பாவுக்கு மார்க் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தெருவில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பட்டியலக்கா ஓய்வு பெற்றுவிட்டாள், மணி ஐந்தானால் கதவருகே வந்து நிற்கிறாள். அவன் அக்கா என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அவளைத் தாண்டிப் போகிறான், இன்றைக்காவது நின்று இன்னும் ஒரு சொல் சொல்வானா என்று அவள் பார்க்கிறாள். அவன் உட்கார்ந்து, அண்ணன் பக்கம் குனிந்து, அன்றைக்கு எத்தனை போர்வை, எந்த இயந்திரத்தில் பெல்ட் அறுந்தது, மேஸ்திரியின் மகன் எப்படிக் கடுகடுக்கிறான் என்று சொல்லத் தொடங்குவான். கண்ணாடிக்காரர் நடுவில் ஏதாவது கேட்பார். அவள் ஜக்கில் தண்ணீர் கொண்டுவந்து அவர்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போவாள். மூன்று பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.